நூற்றியொரு சென்டிமீட்டர்

மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்காதீர்கள் என்று நர்ஸ் மூன்றாவது தடவையாகச் சொன்னாள். தம்பி அசடு வழிந்துகொண்டே மூச்சை விட்டான். தொப்பை பொத்தென்று முன்னால் வந்து நின்றது.

தொப்புளுக்கு நேராக டேப்பைச் சுற்றிப் பார்த்து, நூற்றியொன்று என்று எழுதிக்கொண்டாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நூற்றியிரண்டு.

ஒரே ஒரு சென்டிமீட்டர்! சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவள் உயிர் அந்த டேப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. தன்னுடையதில் பாதியை வெட்டித் தருகிறேன் என்று தம்பி முன்வந்தான். ரத்தம் பொருந்தியது, வயது பொருந்தியது. தொப்பைதான் ஒத்துவரவில்லை.

ஆள் என்னவோ ஒல்லிதான். கையும் காலும் குச்சி குச்சியாக இருக்கும். வயிறு மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கி ஒட்டின மாதிரி.

டாக்டர் அன்றைக்கே புரியும்படி சொல்லியிருந்தார். கிள்ளினால் விரலுக்குள் வருகிற கொழுப்பு தோலுக்கடியில் கிடப்பது, அது அவ்வளவு மோசமில்லை. உள்ளே போய்க் குடலையும் கல்லீரலையும் சுற்றிக்கொண்டு உட்காருகிறதே, அதுதான் ஆளைச் சாய்க்கும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் மாரடைப்பும் வருகிற வழி அதுதான். கொழுப்பேறிய கல்லீரலை வெட்டினால் கொடுக்கிறவனுக்கும் ஆபத்து, வாங்குகிறவளுக்கும் ஆபத்து. மூன்று மாதம் வாயைக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டு வா என்று அனுப்பினார்.

நடந்தான். விடியற்காலையில் ஒரு மணி நேரம், வேலை விட்டு வந்து ஒரு மணி நேரம். இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்தது.

இப்போது ஸ்கேனைப் பார்த்த டாக்டர் முகம் கடுகடுத்தது. கல்லீரலில் கொழுப்பு இம்மிகூடக் குறையவில்லையாம். யாருக்குக் காது குத்துகிறாய் என்று கேட்காத குறைதான்.

"என் பிள்ளைங்க மேல சத்தியமா, ஒரு பிஸ்கட் துண்டுகூடத் திருட்டுத்தனமா தின்னதில்ல சார்." தம்பி கையெடுத்துக் கும்பிட்டான்.

இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதுவரைக்கும் அக்கா தாங்குவாளா என்று அவன் கேட்டதற்குக் காகிதத்தைப் புரட்டினார்.

வெளியே வராந்தாவில் தம்பி மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாற்காலியை அவள் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தம்பியும் பெஞ்சில் உட்கார்ந்தான்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்திக்குப் பயந்துகொண்டு இவன் எங்கேயோ ஒளிந்து தின்கிறான். இடுப்பில் தூக்கி வளர்த்த பயல். பயமாயிருக்கிறது அக்கா என்று நேராகவே சொல்லித் தொலைத்திருக்கலாமே. அவளுக்கு அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

காலையிலிருந்து பட்டினி கிடக்கிறாய், இரண்டு வாய் குடி என்று தம்பி பையிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்தான். மூன்று மாதமாக மதியமும் ராத்திரியும் அவனுக்கு இந்தக் காய்கறி சூப்தானாம். எண்ணெய் ஒரு சொட்டு கிடையாதாம். ஆனாலும் இவள் கைப்பக்குவத்துக்கு அமிர்தமாக இருக்குமாம்.

ஆறிப்போயிருக்கும், அக்காவுக்கு வேண்டாம் என்று தம்பி மனைவி அவசரமாகத் தடுத்தாள். அதற்குள் அவன் மூடியில் ஊற்றி நீட்டிவிட்டான்.

அக்கா ஒரு வாய் குடித்தாள்.

கல்லூரி விடுதியில் இருபத்திரண்டு வருஷம் முந்நூறு பேருக்குச் சமைத்த நாக்கு அது. வெண்ணெய். பாலாடை. அடியில் நைஸாக அரைத்துவிட்ட முந்திரி.

நிமிர்ந்து பார்த்தாள். தம்பி மனைவி அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

அடிப்பாவி.

இவளைத் தேடிப் பிடித்துத் தம்பிக்குக் கட்டி வைத்ததே அக்காதான். கல்யாணத்தன்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு, தாயில்லாப் பிள்ளை, பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அழுததும் அக்காதான்.

பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பி முன்கோபி, இவளை இங்கேயே விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். ஒரு மாதம் வெறும் வேகவைத்த காயைத் தின்பான். கொழுப்பு கரையும். அவனைப் படுக்கப்போட்டு வெட்டுவார்கள். அக்கா பிழைத்தாலும் பிழைக்கலாம்.

அவன் கண் விழிக்காமல் போய்விட்டால்?

அந்தக் கேள்வியை மூன்று மாதமாக ஒருத்தி தினம் இரண்டு வேளை அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறாள். அக்கா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அதற்காக மன்னிக்கத் தோன்றவில்லை. மூடியோடு அவள் முகத்தில் வீசத்தான் கை துடித்தது.

எப்படி இருக்கிறது என்று தம்பி ஆசையாகக் கேட்டான்.

அக்கா மிச்சத்தையும் ஒரே மடக்கில் குடித்து முடித்தாள்.

"உப்பு சப்பே இல்லடா. எப்படித்தான் மூணு மாசமா குடிச்சியோ, பாவம்."