குமரகுருவின் உள்மனசு

பறக்கும் வீரன் என்று ஊரே கொண்டாடும் குமரகுருவுக்குப் பறக்கத் தெரியும், வழிதான் தெரியாது. பழுதுபார்க்க வந்த முகமூடிக்குள் அவனறியாமல் மைக்கும் ஸ்பீக்கரும் பொருத்தி, தன் செல்போன் கடையிலிருந்தே வழி சொல்பவள் பள்ளித் தோழி பரிமளம். வழி சொல்வது தான் என்று தெரிந்தால் வீரனின் தைரியம் போய்விடும் என்று, ஒரு கருவியை வைத்துத் தன் குரலையும் அவன் குரலாக மாற்றியிருந்தாள். பாராட்டு விழாவில் ஏழு பொன்னாடைகளுக்குள்ளிருந்து அவன், “எல்லாம் என் உள்மனசு சொல்றதுங்க!” என்று முழங்கினான்.

மறுநாள் மதியம், தீயணைத்த களைப்பில் தண்ணீர்த் தொட்டிமேல் தனியாக உட்கார்ந்தவன் மெல்லக் கேட்டான்: “மனசே, நீ சாப்பிட்டியா?”

வருடக்கணக்கில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி.

“இன்னும் இல்லடா.”

“அதானே, எனக்கும் பசிக்குது. எங்க போலாம்?”

பரிமளம் தன் கடைக்கு எதிரே இருக்கும் மெஸ்ஸுக்கு வழி சொன்னாள்.