செந்தாடிக்காரனின் தீப்பந்தம்

பொன்னுத்தங்கத்துக்கு அது மட்டும் விளங்கவே இல்லை.

படத்தில் செந்தாடிக்காரன் தீப்பந்தத்தோடு கப்பலின் அடித்தட்டுக்கு இறங்குகிறான். மரக்கதவைத் திறக்கிறான். உள்ளே பீப்பாய் பீப்பாயாக வெடிமருந்து. சரியாக அந்த இடத்தில் அவள் கணவர் தங்கச்சாமி டி.வி.யை அணைத்துவிடுகிறார்.

காலையில் ஒருமுறை. சாப்பிட்ட பிறகு ஒருமுறை. இப்போது மூன்றாவது.

"மச்சான், அது பொம்மப் படம். எவனோ பென்சில்ல வரைஞ்சது," என்றான் அவள் தம்பி சங்கிலிமுத்து.

"வரைஞ்சா என்ன மாப்ள? மருந்து ரூமுக்குள்ள பந்தத்தோட போறான். பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?"

தியேட்டர் பக்கமே வராமல் நேராக சி.டி.யாக வந்த படம் அது. ஏதோ பழைய கடற்கொள்ளைக் கதையைப் பொம்மைப் படமாக்கித் தமிழில் பேசவிட்டிருந்தார்கள். முடிவைப் பார்க்காமலே வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு தயாராகிவிட்டது.

சங்கிலிமுத்து ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவன். நாலு நிறத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிக்கும்போது ஒரு நிறம் மயிரிழை விலகினாலும், உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டுக் கன்னத்தில் போய் நிற்கும். இங்கே செந்தாடியின் சிவப்பு, தாடியைத் தாண்டிக் கடல்வரை வழிந்துகொண்டிருந்தது.

"இந்த லட்சணத்துல காலண்டர் அடிச்சேன்னா, எங்க மொதலாளி மொதல்ல என்னைத்தான் கிழிப்பாரு."

மகள் இசைவாணிக்கு வேறு குறை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் துணைப்பாடத்தில் அவள் படித்த கதையில் நாயே கிடையாது. "இதுல நாயைச் சேத்துட்டாங்கம்மா. அது வேற பாட்டுப் பாடுது!"

பொன்னுத்தங்கத்துக்கோ, படத்தில் வரும் பத்து வயதுப் பையனைக் கொள்ளைக்காரர்களோடு கப்பலேற்றிவிட்ட தாயின் மேல்தான் கோபமெல்லாம்.

தங்கச்சாமி மட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "முடிவப் பாக்காம என்னத்தச் சொல்ல?" என்றார்.

அணைப்பவரும் அவரேதான்!

சி.டி.யை இன்று சாயங்காலம் கடையில் கொடுத்தாக வேண்டும். அப்பா டீக்கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து மிச்சத்தைப் பார்த்துவிடலாம் என்று இசைவாணி காதோடு சொன்னாள். பொன்னுத்தங்கம் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு வருடமாக அவர் டி.வி. முன்னால் உட்கார்ந்ததில்லை. சோற்றைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் தின்பார். அந்த மனிதர் நேற்றுத் தானாக சி.டி. கடைக்குப் போய், மகளுக்கென்று இந்தப் படத்தை எடுத்து வந்திருக்கிறார். இன்று அவளை ஒட்டி உட்கார்ந்தும் இருக்கிறார். அவரை விட்டுவிட்டுப் பார்க்கிற முடிவு யாருக்கு வேண்டும்?

இரண்டாவது தடவை பொன்னுத்தங்கம் சத்தத்தைக் குறைத்து வைத்தாள். அணைத்தார். மூன்றாவது தடவை ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்தாள். எழுந்துபோய் பிளக்கையே பிடுங்கினார்.

அந்தக் காட்சியை மட்டும் தாண்டி ஓட்டிவிடலாம் என்றால், அதற்கும் சம்மதமில்லை. "அப்ப அந்தக் கப்பலு என்னாச்சுன்னு எப்படித் தெரியும்?"

நாலாவது தடவை பொன்னுத்தங்கம் படத்தைப் பார்க்கவில்லை. கணவரின் கண்ணைப் பார்த்தாள்.

செந்தாடிக்காரன் படியிறங்கினான். தங்கச்சாமியின் கண் தீப்பந்தத்தில் இல்லை. பீப்பாயிலும் இல்லை. கதவுக்கு வெளியே, நிலையை ஒட்டி, தரையில் எதையோ தேடியது.

அவளும் அந்த இடத்தைப் பார்த்தாள். படம் வரைந்தவன் அங்கே எதையும் வரைந்திருக்கவில்லை.

"நிப்பாட்டு, வாணி!"

பொன்னுத்தங்கம் பின்பக்கம் ஓடினாள். தொட்டியில் முக்கி எடுத்த வாளியை இரண்டு கையாலும் தூக்கி வந்து, டி.வி.க்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் ஓடியது.

"ஏக்கா, டி.வி. பக்கத்துல தண்ணியா? கரண்டு அடிச்சுப்புடும்!"

"பேசாம இருலே."

தங்கச்சாமி எழுந்தார். பிளக் பக்கம் போகவில்லை. வாளிக்குள் இடது கையை விட்டு, அடியைத் தொட்டுப் பார்த்தார். வாளியை இன்னும் ஒரு சாண் தள்ளி, கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டார். பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ம், போடு."

செந்தாடிக்காரன் கதவைத் திறந்தான். நாய் கத்தியது. பந்தம் நழுவியது. பையனும் நாயும் கடலில் குதித்த மறுநொடி கப்பல் வெடித்தது. வானம் முழுக்கப் பச்சைப் பச்சையாகப் பூத்தது.

"பச்சையா?" தங்கச்சாமி துள்ளி எழுந்தார். "ஏலே மாப்ள, கருமருந்து என்னிக்குப் பச்சையா எரிஞ்சுச்சு? பேரியம் சேத்தாத்தான பச்சை! நடுக்கடல்ல இந்தக் களவாணிப்பய பேரியத்துக்கு எங்கன போனான்?"

அவரே முதலில் சிரித்தார். அப்புறம் வீடே சிரித்தது. இசைவாணி அவர் முதுகில் ஏறிக்கொண்டாள். கரையேறிய பையனும் நாயும் ஜோடியாகப் பாட, எழுத்தெல்லாம் ஓடி முடிந்து திரை கறுக்கும்வரை தங்கச்சாமி எழுந்திருக்கவில்லை. தீர்ப்பும் சொன்னார்: "படம் நல்லாத்தான் இருக்கு. வெடிதான் பொய்."

சி.டி.யைக் கொடுக்க அவரே கிளம்பிப் போனார். வேறொன்று எடுத்து வருவாராம்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு வாளித் தண்ணீர் நிற்க வேண்டும். போன வருடம், அவர் போர்மேனாக இருந்த கம்பெனியில் பொறி விழுந்தபோது, எரிகிற அறையிலிருந்து அவ்வளவு பேரையும் இழுத்துப் போட்டுக் காப்பாற்றியவர் அவர். தீயில் தோல் சுருங்கிப்போன அந்த இடது கை, அதற்கு முன்னால் வாசல் வாளிக்குள்தான் போனது. வாளி காலியாக இருந்தது.

"எப்படிம்மா அப்பா இந்தத் தடவை அணைக்கல?" என்றாள் இசைவாணி.

பொன்னுத்தங்கம் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"வாளி நெறையத் தண்ணி வச்சுட்டுப் படத்தைப் போடு. அப்பா கடைசி வரைக்கும் பாப்பாரு."