மாடியில் ஒரு வாசல்

ஆற்றோரத்துப் பழைய வீட்டின் மாடிச் சுவரில், வெளியே படியே இல்லாமல் ஒரு கதவு தொங்குகிறது. பக்கத்திலிருக்கும் இரும்பு வளையம் படகுக் கயிறு உரசி உரசித் தேய்ந்து சாய்வெயிலில் பளபளக்கிறது. தங்கையோடு ஊர் பார்க்க வந்த அக்கா கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறாள். "வெள்ளம் வந்தா அதுதாம்மா எங்க வாசல்," என்கிறாள் கீழ்வாசலில் துணி மடிக்கும் வீட்டுக்காரி. "என் மூத்தவ பிறந்தப்ப மருத்துவச்சி படகுல வந்து அங்கதான் இறங்குனா." "சும்மா கதை விடாதீங்க!" "மேல வந்து பாரு, அந்தக் கதவுகிட்ட மிதியடிகூடப் போட்டிருக்கேன்." துறையில் படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கிறார். "அக்கா, இதுதான் கடைசிப் படகு, ஓடி வா!" என்று படகிலிருந்து தங்கை கத்துகிறாள். அக்கா படகைப் பார்க்கிறாள், கதவைப் பார்க்கிறாள். "நீ போடி, நான் காலையில வர்றேன்." அவள் வாசற்படி ஏறுகிறாள். தங்கை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே பையைக் கரையில் வீசிவிட்டுத் தானும் குதிக்கிறாள்.