ஒன்றரை வோல்ட்

"தம்பி, ப்ராசஸர் வேகத்தைக் கூட்டினா வோல்ட்டேஜ் எவ்வளவு வரைக்கும் வெக்கலாம்?" என்று அவர் கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு போன் செய்து கேட்டார்.

"உங்க மாடலுக்கு 1.35 தாண்டாதீங்க சார்."

"ஒன்றரை வெச்சா?"

"சூடேறிச் சூடேறி சீக்கிரமே போய்ச் சேர்ந்துடும்."

"ரொம்ப நன்றி" என்றவர், மதர்போர்டு செட்டிங்கில் போய் ஒன்றரை வைத்தார். "ஓடுற கம்ப்யூட்டர் இருக்கும்போது புதுசு எதுக்கு?" என்று மனைவி சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஓடுவதை ஓடாமல் செய்வது ஒன்றுதான் வழி.

ஒரு மாதமாயிற்று. கம்ப்யூட்டர் கல்லுக்குண்டு மாதிரி ஓடியது. சந்தேகப்பட்டு செட்டிங்கைப் பார்த்தார். 1.25 என்று இருந்தது. திரும்ப ஒன்றரை வைத்தார். மறுநாள் பார்த்தால் மறுபடியும் 1.25.

"போர்டுல இருக்கற பேட்டரி தீர்ந்தா செட்டிங் பழையபடி ஆயிடும் சார்," என்றான் மெக்கானிக். "ஆனா கடிகாரமும் தப்பாக் காட்டும். காட்டுதா?"

"இல்லப்பா, நேரம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப யாரோ கை வெக்கிறாங்க."

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் மனைவி, "எனக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு மண்ணும் தெரியாது" என்று சொல்பவள். அவளாக இருக்காது என்று மறுபடி செட்டிங்கைத் திறந்தார். திரை பாஸ்வேர்டு கேட்டது. அவர் வைக்காத பாஸ்வேர்டு.

"நம்ம கல்யாணத் தேதிதாங்க," என்றாள் மனைவி, துணி மடித்தபடியே. "அதைப் போட்டுட்டு என்ன வேணா பண்ணிக்கோங்க."

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ப்ராசஸர் நலமாக இருக்கிறது.