பதினோரு முடிச்சு

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளைத் தாண்டி, கட்டிலில் கண்மூடிக் கிடக்கும் அந்தோணியின் போர்வைமேல் கோடுகோடாக விழுகிறது. தெருவெல்லாம் தறிச்சத்தம். பக்கத்தில் ரஷீத், பழைய ஜரிகை நூல் ஒன்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். இருவரும் எதிரெதிரே வீடியோ கேம் கடை வைத்திருந்த காலத்தில், கார் ரேஸ் கேசட் ஒன்று விற்றால் அவரவர் நூலில் ஒரு முடிச்சு போடுவார்கள். ஒரு தீபாவளிக்கு ரஷீதின் நூலில் பதினோரு முடிச்சு அதிகம். ‘விற்பனையில் ஊரிலேயே முதலிடம்’ என்று பலகை மாட்டினார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது, அந்தோணி கடையை மூடினார். இப்போது ரஷீத் அந்தோணியின் காதருகே குனிகிறார். “திரும்பி வந்த கேசட்டை மறுபடி வித்தப்பவும் முடிச்சு போட்டுட்டேன்பா. நெசமா நீதான் ஃபர்ஸ்ட்டு.” அந்தோணியின் இமை அசையவில்லை. ரஷீதின் நகம் இறுகிப்போன முடிச்சொன்றைக் கிளறிக்கொண்டேயிருக்கிறது. அந்தோணியின் மனைவி மேரி போர்வையை இழுத்துவிடுகிறாள். “நேத்து வந்திருக்கக் கூடாதா பாய்? நேத்து வரைக்கும் நெனவு இருந்துச்சே.”