கோட்டைச்சாமியின் அரியர்

பல்கலைக்கழகத்தின் கபடி அரங்கம் ஏழாவது முறையாக விரிந்தபோது, இடிபடாமல் மிஞ்சியது வரலாற்றுத் துறை மட்டும்தான். மாணவர்கள் மட்டுமே அணியில் ஆடலாம் என்ற பழைய விதியை நீக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆகவே அணியின் பன்னிரண்டு பேருக்கும் பாடம் எடுக்கப் பேராசிரியர் தில்லைநாயகம் ஒருவர் இருந்தார்.

அணியின் தூண் கோட்டைச்சாமி. ஒன்பது ஆண்டுகளாக அவனுக்கு ஒரே ஒரு அரியர். நன்றாகத்தான் எழுதுவான். ஆனால், "அவன் பாஸாகிப் போனா டீம் படுத்துரும், உங்க துறைக்கும் பூட்டுதான் ஐயா" என்று பதிவாளர் வருடந்தோறும் சொல்வார். மன்னர்களின் துரோகங்களைப் பக்கம் பக்கமாக விளக்குகிற தில்லைநாயகமும் வருடந்தோறும் முப்பத்தொன்பது போடுவார். நாற்பது எடுத்தால் பாஸ்.

இந்த ஆண்டு தேர்வுக்கு முன் கோட்டைச்சாமி நொண்டிக்கொண்டே வந்தான்.

"சார், இந்தத் தடவையாவது விட்ருங்க. மாடிப்படி ஏற முடியல."

தில்லைநாயகத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. வேலை போனால் போகட்டும், நாற்பது போட்டுவிடுவது என்று தீர்மானித்தார். மனைவியிடமும் சொல்லிவிட்டார்.

விடைத்தாளைப் பிரித்தால் எல்லாப் பக்கமும் வெள்ளை. கடைசிப் பக்கத்தில் மட்டும் நான்கு வரி இருந்தது.

"சார், உங்களுக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. தெரியாமக் கேட்டுட்டேன். முட்டி அதுவரைக்கும் தாங்கும். கவலப்படாதீங்க."

தில்லைநாயகம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அவனுக்கு நேர்மையான மதிப்பெண் போட்டார்.

பூஜ்யம்.