ஆமை எடுத்துக்கொண்ட மூன்று நெல்

குளத்தங்கரை ஈச்சமரத்தில் ஒரு தூக்கணாங்குருவி இரண்டு கூடு கட்டியிருந்ததாம். அதன் பெட்டைக்கு ஒன்றுதான் பிடித்தது. மற்றதை ஏலத்துக்கு விட்டது குருவி. தவளைகள் கரைக்குக் கரை விலையைக் கூவ, அக்கரையிலிருந்த சில்லைக்குருவி கூட்டை நூறு நெல்லுக்கு எடுத்தது.

நெல்லை ஆமை சுமந்து வந்தது. தூக்கணாங்குருவி எண்ணிப் பார்த்தது. தொண்ணூற்றேழு! அடைமழை விடும்வரை நாலு குஞ்சுகளுக்கும் அதுதான் சாப்பாடு.

“மூணு நெல் எங்கே ஆமையண்ணே? வழியிலே பசிச்சுதோ?”

“நூத்துக்கு ரெண்டு என் கூலி. அதோட தடவைக்கு ஒண்ணு. பத்து நெல் வந்தாலும் அந்த ஒண்ணு உண்டு தம்பி. ஏலத்துக்கு முன்னாடியே தவளை சொல்லுச்சே.”

“முதுகுல வச்சு நீந்துறதுக்கா இவ்வளவு?”

ஆமைக்குக் கோபம் வரவில்லை. “சில்லை எண்ணிக் குடுத்ததுல முப்பது பதரு. பாவம், அதுக்கே தெரியாது. ஒவ்வொண்ணாத் தண்ணியில போட்டுப் பார்த்தேன். மிதந்ததை எல்லாம் திருப்பிக் குடுத்து, நல்ல நெல்லா மாத்தி வாங்கினேன். அதான் இவ்வளவு நேரம்.”

குருவி ஒரு நெல்லைக் கடித்தது. கெட்டியாக இருந்தது. இன்னொன்றைக் கடித்தது, அதுவும் கெட்டி. உமியை நீக்கிக் குஞ்சின் வாயில் வைத்தபோது குருவியின் குரல் இறங்கிப்போனது.

“இங்கே உட்கார்ந்துகிட்டு எனக்கு எப்படிண்ணே தெரிஞ்சிருக்கும்? பிள்ளைங்க பட்டினி கிடந்திருக்குமே.”

இன்னொரு நெல்லை எடுத்து ஆமையின் முன்னால் வைத்தது. ஆமை அதை மூக்கால் திருப்பித் தள்ளியது.

“கூலி மூணுதான் தம்பி. நாலு வாங்கினா, அந்தத் தவளைங்க அதையும் ஊர் பூராக் கூவிடும்.”